டோக்கியோவிலிருந்து ஹக்கோனே: இருவராக, ரயிலிலேயே போய்வரும் ஒரு வெந்நீர் ஊற்று நாள்

ஹக்கோனேவுக்கு ஒருநாள் பயணமாகப் போகிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் குளியலைத்தான். மலை ரயில், விஞ்ச், ரோப் கார், கப்பல், பஸ் என்று வண்டி மாற்றி வண்டி ஏறுவதிலேயே பொழுது சாய்ந்துவிடுகிறது. மாலை ஆறு மணிக்குக் களைத்துப்போய் ஏதோ ஒரு குளியல் இல்லத்தில் நுழைந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிடம் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். வந்த காரியமே வெந்நீர் ஊற்று என்றால் இது நியாயமில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் நாளைப் பின்னாலிருந்து முன்னால் திட்டமிடுகிறோம். திரும்பும் ரயில் எது, அதற்கு முன் குளியலுக்கு எவ்வளவு நேரம், மிச்சமிருக்கும் பொழுதில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற வரிசையில்.

ஊரைப் பற்றிச் சுருக்கமாக: டோக்கியோவுக்குத் தென்மேற்கே, கானகாவா மாநிலத்தில், ஓர் எரிமலையின் பெரும் பள்ளத்துக்குள் அமைந்த மலைப்பகுதி ஹக்கோனே. எரிமலை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஏரியும் வெந்நீரும் அது தந்தவை. டோக்கியோவின் ஷின்ஜுக்கு நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அடிவாரத்தில் இறங்கிவிடலாம் என்பதால், டூர் கம்பெனி இல்லாமல் இருவர் தாங்களாகவே போய்வர இதைவிட வசதியான இடம் டோக்கியோ பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் முடிவு: சேர்ந்து குளிப்பதா, தனித்தனியாகவா?

ஜோடியாகப் போகிறவர்கள் வீட்டிலேயே பேசி முடிக்க வேண்டியது இதைத்தான். ஜப்பானின் பொதுக் குளியல் இல்லங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள். உள்ளே உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். நீச்சல் உடைக்கு அனுமதி இல்லை. வாசலில் பிரிந்து, ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே சந்திப்பீர்கள். இது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குச் சப்பென்றிருக்கும். எந்த வகை உங்களுக்கு ஒத்துவரும் என்று பாருங்கள்.

பொதுக் குளியல்தான் மலிவு. அடிவாரத்து ஹக்கோனே-யுமோட்டோ நிலையத்துக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் கப்பா தென்கோக்கு பழைய பாணி இடம்; நடந்தே போகலாம். சுகுமோ ஆற்றோரமாகச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் டென்சான், மரங்களுக்கு நடுவே பல திறந்தவெளித் தொட்டிகள் கொண்டது. நிலையத்திலிருந்து பஸ் உண்டு. பொதுக் குளியலுக்கு ஒருவருக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் யென் வரை வைத்துக்கொள்ளுங்கள். டென்சானைத்தான் நான் முதலில் சொல்வேன். மரத்தடியில் ஒவ்வொரு தொட்டியாக மாறி மாறி உட்காரும் சுகம் அடைத்த கூடங்களில் கிடைக்காது.

சேர்ந்து குளிக்க வேண்டுமானால் கஷிகிரி எனப்படும் தனிக்குளியல் அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். தோனோசாவாவின் மரக்காட்டுக்குள் இருக்கும் ஹக்கோனே யுரியோவில் இப்படித் திறந்தவெளித் தொட்டியுடன் கூடிய அறைகள் பல உண்டு. யுமோட்டோவிலிருந்து அவர்களே வண்டி விடுகிறார்கள். கட்டணம் பொதுக் குளியலைப் போலப் பல மடங்கு. சனி, ஞாயிறுகளில் முன்பதிவு இல்லாமல் போய்க் கேட்டால் கிடைக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிறர் முன் உடை களையக் கூச்சப்படுகிறவர்களுக்கு இந்தச் செலவு தகும். கூச்சத்தோடு பொதுத் தொட்டியின் மூலையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பதைவிடத் தனி அறையில் ஒரு மணி நேரம் நிம்மதியாகக் குளிப்பது எவ்வளவோ மேல்.

மூன்றாவது வழி, கோவாக்கிதானியில் உள்ள யுனெஸ்ஸன். நீச்சல் உடையுடன் ஆணும் பெண்ணும் ஒன்றாக இறங்கும் பெரிய வளாகம். காபித் தொட்டி, ஒயின் தொட்டி என்று வேடிக்கைகள் உண்டு. கலகலப்பான இடம், அமைதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். யுனெஸ்ஸன் என்று முடிவு செய்தால் அதற்கே அரை நாள் போய்விடும். கீழே சொல்லும் முழுச் சுற்றையும் அதையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

உடம்பில் பச்சை குத்தியிருந்தால் பல குளியல் இல்லங்கள் உள்ளே விடமாட்டா. சின்ன உருவமாக இருந்தாலும் அந்தந்த இடத்தின் விதியை முன்பே பாருங்கள். தனி அறையில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இராது.

நேரக் கணக்கு, பின்னாலிருந்து

இரவு எட்டு மணிக்கு ஷின்ஜுக்குவில் இறங்க நினைத்தால், ஆறரை மணிவாக்கில் யுமோட்டோவில் ரயில் ஏற வேண்டும். ஆறு மணிக்குக் குளியல் இல்லத்தை விட்டு வெளியே வர வேண்டும். உடை மாற்ற, தேய்த்துக் குளிக்க, தொட்டியில் உட்கார, நடுவே ஓய்வெடுக்க, தலை உலர்த்த என்று எல்லாவற்றுக்குமாக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். அப்படியானால் நான்கு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். ஏரிக்கரையிலிருந்து யுமோட்டோவுக்குப் பஸ்ஸில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். விடுமுறை நாள் மாலையில் மலைச்சாலையில் நெரிசல் கூடினால் அதற்கும் மேல். ஆக, இரண்டரை மணிக்கு ஏரிக்கரையில் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும்.

இந்த இரண்டரை மணிதான் நாளின் முதுகெலும்பு. அது தவறும்போல் இருந்தால் வழியில் ஏதாவது ஒன்றை விடுங்கள், குளியலில் கை வைக்காதீர்கள். எதை விடுவது என்பதையும் காலையிலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பசியும் களைப்புமாக வழியில் நின்று முடிவெடுத்தால் சச்சரவில்தான் முடியும்.

டிக்கெட்

ஷின்ஜுக்குவிலிருந்து போகும் ஒடாக்யு தனியார் ரயில் நிறுவனம். ஜப்பான் ரயில்வேயின் ஜேஆர் பாஸ் அதில் செல்லாது. ஜேஆர் பாஸ் வைத்திருப்பவர்கள் டோக்கியோ நிலையத்திலிருந்து கொடாமா ஷின்கான்சென்னில் சுமார் முப்பத்தைந்து நிமிடத்தில் ஒடவாராவில் இறங்கி, அங்கிருந்து மலையடிவார ரயிலுக்கு மாறலாம். நொசோமி என்ற ஷின்கான்சென் வண்டி ஒடவாராவில் நிற்காது, கவனம்.

மற்றவர்களுக்கு ரொமான்ஸ்கார்தான் சிறந்த வழி. ஷின்ஜுக்குவிலிருந்து ஹக்கோனே-யுமோட்டோவுக்கு நேராகப் போகும் சொகுசு ரயில் இது; ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுவிடும். எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்குரியவை. அடிப்படைக் கட்டணத்தோடு சிறப்பு ரயில் கட்டணமும் சேர்த்து ஒரு வழிக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 2,500 யென் ஆகும். ஒரு மாதம் முன்னதாகவே பதிவு தொடங்கிவிடுகிறது. சிவப்பு நிற ஜிஎஸ்இ வண்டியில் ஓட்டுநர் மாடியில் உட்கார்வதால், முன்பெட்டிப் பயணிகளுக்குக் கண்ணாடி வழியே தண்டவாளம் முழுதும் தெரியும். அந்த இருக்கைகள் பதிவு தொடங்கியதும் பறந்துவிடும். கிடைக்காவிட்டால், போகும்போது வலப்பக்க ஜன்னலைக் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் ஃபூஜி மலை அந்தப் பக்கம்தான் தெரியும். பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் சாதாரண விரைவு ரயிலில் ஒடவாரா போய் மாறலாம். மொத்தம் சுமார் இரண்டு மணி நேரம்.

அடுத்தது ஹக்கோனே ஃப்ரீபாஸ். மலை ரயில், விஞ்ச், ரோப் கார், கப்பல், டோசான் பஸ் அனைத்துக்கும் ஒரே சீட்டு. ஷின்ஜுக்குவில் வாங்கினால் அங்கிருந்து போய்வரும் அடிப்படை ரயில் கட்டணமும் அதில் அடக்கம். ரொமான்ஸ்காருக்குச் சிறப்புக் கட்டணம் மட்டும் தனியே கட்ட வேண்டும். இது இரண்டு நாள், மூன்று நாள் பாஸாகத்தான் கிடைக்கிறது. ஒரு நாள் பாஸ் இல்லையே என்று தயங்க வேண்டாம். முழுச் சுற்றும் போவதானால் ஒரே நாளிலேயே இரண்டு நாள் பாஸ் பெரும்பாலும் கட்டுப்படியாகும். மலை ரயிலில் அதன் கடைசி நிலையமான கோரா வரை மட்டும் போய்த் திரும்பிக் குளிப்பதானால் பாஸ் நஷ்டம். வாங்குவதற்கு முன் அன்று காலை ரோப் கார் ஓடுகிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். பலத்த காற்றிலும் எரிமலை வாயு கூடும்போதும் அதை நிறுத்திவிடுவார்கள்.

பையில் என்ன?

கழற்றி மாட்ட எளிதான காலணி, மாற்று சாக்ஸ், தலைமுடி கட்ட ரப்பர் வளையம், இரண்டு சிறிய துண்டு, ஈரத்துணி வைக்க ஒரு பிளாஸ்டிக் பை, லாக்கருக்கு 100 யென் நாணயங்கள், தண்ணீர் பாட்டில். ரோப் கார் எட்டும் உயரம் ஆயிரம் மீட்டரைத் தாண்டும்; டோக்கியோவில் வெயிலடித்தாலும் மேலே குளிரும், ஒரு கனமான மேல்சட்டை வேண்டும். பெரிய பெட்டிகளை யுமோட்டோ நிலைய லாக்கரில் போட்டுவிடுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் மதிய உணவைக் காலையிலேயே கையில் வாங்கிக்கொள்வது நல்லது. சோபா, உடோன் என்னும் நூடுல்ஸ் வகைகளின் குழம்புகள் கிட்டத்தட்ட எல்லாமே மீன் சாற்றில் செய்தவை. டோஃபு உணவிலும் அது கலந்திருக்கும். ரொமான்ஸ்காரில் உட்கார்ந்து சாப்பிடத் தடையில்லை.

படி 1: யுமோட்டோவிலிருந்து கோரா, மலை ரயிலில்

ஏழு, ஏழரை மணிக்கு ஷின்ஜுக்குவில் ஏறினால் ஒன்பது மணியை ஒட்டி யுமோட்டோவில் இருப்பீர்கள். கடைத்தெருவைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நேராக மலை ரயில் நடைமேடைக்குப் போங்கள்.

1919இல் தொடங்கிய இந்த ஹக்கோனே டோசான் ரயில்பாதை எனக்கு அந்த நாளின் பாதி மகிழ்ச்சி. யுமோட்டோவிலிருந்து கோராவுக்கு 8.9 கிலோமீட்டர்தான், அதற்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறது. செங்குத்தான இடங்களில் 12.5 மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் உயர்கிறது. ஊட்டி மலை ரயிலின் ஏற்றமும் ஏறத்தாழ இதே அளவுதான், ஆனால் அங்கே பல்சக்கரம் பிடித்து ஏற்றுகிறது. இங்கே பல்சக்கரம் கிடையாது. வெறும் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டே ஏறுகிறது. ஜப்பானில் இவ்வகை ரயில்பாதைகளில் இதுவே மிகச் செங்குத்தானது. வளைவுகளும் மிகக் குறுகலானவை. சிலவற்றின் ஆரம் 30 மீட்டர்தான். மற்ற ரயில்பாதைகளில் வளைவில் சக்கரம் தேயாமலிருக்க எண்ணெய் தடவுவார்கள். இந்தச் சரிவில் எண்ணெய் தடவினால் வண்டி வழுக்கிவிடும் என்பதால், வண்டியிலேயே தொட்டி வைத்துத் தண்டவாளத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே போகிறது.

இருவருமாகக் கடைசிப் பெட்டியின் பின்கண்ணாடி அருகே நின்றுகொள்ளுங்கள். தோனோசாவா தாண்டியதும் ஹயகாவா ஆற்றின் மேல் 43 மீட்டர் உயரப் பாலம் வரும். அதன் இரும்புச் சட்டம் முன்பு டோக்கைடோ ரயில்பாதையில் தென்ரியு ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1917இல் இங்கே நிறுத்தினார்கள். இலையுதிர் காலத்தில் இந்தப் பாலத்திலிருந்து பள்ளத்தாக்கு செக்கச்செவேலென்றிருக்கும்.

அடுத்து வண்டி நின்று, வந்த திசைக்கே திரும்பிக் கிளம்பும். பயந்துவிட வேண்டாம், தவறான ரயில் இல்லை. மலை அவ்வளவு செங்குத்தாக இருப்பதால் பாதை இசட் வடிவில் மடிந்து மடிந்து ஏறுகிறது. தேயாமா, ஓஹிராதாய், காமி-ஓஹிராதாய் என்று மூன்று இடங்களில் இப்படித் திசை மாறும். ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் கையில் பையோடு இறங்கிப் பின்முனைக்கு நடப்பார். அங்கிருந்து கண்டக்டர் முன்முனைக்கு வருவார். இருவரும் வழியில் ஒருவரையொருவர் கடந்து போவார்கள். அது முடிந்ததும் இதுவரை வால் பக்கம் நின்ற நீங்கள் வண்டியின் முகப்பில் இருப்பீர்கள். அதனால்தான் பின்கண்ணாடியைச் சொன்னேன்.

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை பாதையின் இருபுறமும் ஹைட்ரேஞ்சியா பூத்து, ஜன்னலை உரசுமளவுக்குச் சாய்ந்து நிற்கும். அந்த வாரங்களில் கூட்டமும் அப்படியே. வார நாளாகப் பார்த்து, முதல் சில வண்டிகளிலேயே ஏறிவிடுங்கள்.

கோராவுக்கு முந்தைய நிலையம் சோக்கொகு-நோ-மோரி. 1969இல் திறந்த ஹக்கோனே திறந்தவெளிச் சிற்பக்கூடம் அங்கே இருக்கிறது. பிக்காசோவுக்கென்றே தனிக் கட்டிடமும், உள்ளே படியேறிப் போகக்கூடிய வண்ணக் கண்ணாடிக் கோபுரமும், வெந்நீரில் கால் நனைக்கும் தொட்டியும் உண்டு. இங்கே இறங்கினால் இரண்டரை மணி நேரம் போகும், ஏரியை விட வேண்டியதுதான். சிற்பங்களில் ஆர்வமுள்ள ஜோடிக்கு அது நல்ல பரிமாற்றம். இரண்டையும் பார்க்க முயலாதீர்கள்.

படி 2: புகையும் பள்ளத்தாக்கு

கோராவில் எதிர் நடைமேடையிலேயே விஞ்ச் நிற்கும். பத்து நிமிடத்தில் சோவுன்சான். அந்த நிலையத்து மொட்டைமாடியில் இலவசமாகக் கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. மலைகளைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் காலை வைத்துக்கொள்ளலாம். பைக்குள் வைத்த சிறிய துண்டுக்கு முதல் வேலை இங்கேதான்.

சோவுன்சானிலிருந்து ரோப் கார். சில நிமிடங்களுக்கு மரங்கள்தான். பிறகு ஒரு முகட்டைத் தாண்டியதும் காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு திடீரென்று திறந்துகொள்ளும். மஞ்சள் படிந்த பாறை இடுக்குகளிலிருந்து வெள்ளைப் புகை பீறிடும். கந்தக நெடி பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். இதுதான் ஓவாக்குதானி. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் நீராவி வெடிப்பில் உருவான பள்ளம். 2015இல் இங்கே சிறிய வெடிப்பு ஏற்பட்டு, பகுதியையே மூடிவைத்தார்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இங்கே இறங்காமல் தவிர்க்கும்படி அறிவிப்புகள் சொல்கின்றன, அதை அலட்சியம் செய்யாதீர்கள். அவர்களுக்கு இந்த நாளை கோராவோடு நிறுத்திச் சிற்பக்கூடத்தில் கழிப்பதே சரி.

இங்கே விற்கும் கருப்பு முட்டை பிரசித்தம். வெந்நீர்க் குளத்தில் வேகவைக்கும்போது நீரிலுள்ள இரும்பு ஓட்டில் ஒட்டி, ஹைட்ரஜன் சல்ஃபைடோடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகிக் கருத்துவிடுகிறது. ஓட்டை உடைத்தால் உள்ளே சாதாரண வெள்ளை முட்டைதான். ஒன்று சாப்பிட்டால் ஆயுள் ஏழு ஆண்டு கூடும் என்பது உள்ளூர் நம்பிக்கை.

குளியலோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றையும் இங்கே பார்த்துக்கொள்ளுங்கள். கீழே பள்ளத்தாக்கில் குழாய்களும் தகரக் கோபுரங்களும் தெரியும். மண்ணுக்குள்ளிருந்து வரும் நீராவியில் தண்ணீரைச் செலுத்திக் கந்தக வெந்நீராக்கி, சென்கொகுஹாரா, கோரா பக்கத்து விடுதிகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே தொட்டியில் பால்போல் வெளுத்திருக்கும் நீர் பெரும்பாலும் இங்கிருந்து போனது. யுமோட்டோவின் நீர் வேறு. தெளிவானது, காரத்தன்மை உள்ளது, தோலில் வழுவழுவென்று இருக்கும், நெடி கிடையாது. முதன்முறை குளிப்பவர்களுக்கு யுமோட்டோ நீரே இதமானது. பால்வெள்ளை நீர்தான் வேண்டுமென்றால் ஒன்று நினைவிருக்கட்டும்: கந்தகம் வெள்ளியைக் கருக்கும். மெட்டி, வெள்ளிக் கொலுசு, வெள்ளி மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். செம்பு கலந்த தங்கமும் மங்கலாம் என்பதால் தாலிச் சங்கிலியைக் கழற்ற விரும்பாதவர்கள் யுமோட்டோவிலேயே குளிப்பது நல்லது.

ஓவாக்குதானியில் முக்கால் மணி நேரம் போதும்.

படி 3: ஏரி

அடுத்த ரோப் கார் சுமார் பதினாறு நிமிடத்தில் டோகென்தாயில் ஆஷி ஏரிக்கரைக்கு இறக்கும். மேகமில்லாத நாளில் இந்த இறக்கத்திலும் ஃபூஜி தெரியும். குளிர்காலக் காலை நேரம்தான் அதற்கு நம்பகமானது. கையில் கொண்டுவந்த சாப்பாட்டை இங்கே கரையோரம் முடித்துக்கொண்டு கப்பல் ஏறுங்கள். கடற்கொள்ளையர் கப்பல் வேடம் போட்ட படகுகள். எனக்கு அந்த அலங்காரத்தில் பெரிய ஈடுபாடு இல்லை, ஆனால் மேல்தளத்தில் நின்றால் காற்றும் மலைகளும் அருமை. காசு கொடுத்து முதல் வகுப்புக்கு மாற வேண்டியதில்லை.

மோட்டோ-ஹக்கோனேயில் இறங்கி ஏரிக்கரையோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் ஹக்கோனே கோயில். 757இல் நிறுவப்பட்டதாக மரபு. ஓங்கிய தேவதாரு மரங்களுக்கு நடுவே படிக்கட்டு ஏறும். வளாகத்திலேயே இருக்கும் குசுரியு சன்னிதி காதலுக்கும் திருமணத்துக்கும் வேண்டிக்கொள்ளும் இடம் என்பதால் இளம் ஜோடிகள் வரிசையில் நிற்பார்கள். நீரில் நிற்கும் சிவப்புத் தோரணவாயில் 1952இல் எழுப்பப்பட்டது. அதன் கீழே நின்று படமெடுக்க நீண்ட வரிசை உண்டு. நாள் நழுவுவது இந்த வரிசையில்தான். கடிகாரத்தைப் பாருங்கள், ஒன்றரை மணி தாண்டிவிட்டால் படத்தை விட்டுவிடுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் பழைய டோக்கைடோ நெடுஞ்சாலையின் தேவதாரு வரிசையில் கொஞ்ச தூரம் நடக்கலாம். எடோவுக்கு (டோக்கியோவின் பழைய பெயர்) நடந்துபோன வழிப்போக்கர்களுக்கு நிழல் தர 17ஆம் நூற்றாண்டில் நட்டவை. இரண்டரைக்கு பஸ்.

படி 4: குளியல்

நீங்கள் தேர்ந்த இல்லத்துக்கு வந்துவிட்டீர்கள். பிரிவதற்கு முன் இரண்டு காரியம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் சந்திப்பது என்று துல்லியமாகப் பேசிக்கொள்ளுங்கள், ஏனென்றால் போன் இருவருக்கும் லாக்கருக்குள் இருக்கும். உள்ளே அதை எடுத்துப்போகவே கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயோ மது அருந்திவிட்டோ இறங்கக் கூடாது. அதற்குப் பதில் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

வாசலில் காலணியைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். இரு நுழைவாயில்களிலும் துணித் திரை தொங்கும். பெரும்பாலும் நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள்: ஆண்களுக்கான எழுத்தின் தலையில் நான்காகப் பிரித்த ஒரு சதுரக் கட்டம் இருக்கும், பெண்களுக்கான எழுத்தில் அந்தக் கட்டம் இராது, குறுக்கே வெட்டும் கோடுகள் மட்டும். சில இல்லங்களில் நாளுக்கு நாள் இரு பக்கங்களையும் மாற்றுவார்கள் என்பதால் முந்தைய நினைவும் உதவாது.

உடை மாற்றும் அறையில் எல்லாவற்றையும் களைந்து லாக்கரில் வைத்துவிட்டு, சிறிய துண்டோடு மட்டும் உள்ளே போங்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கூச்சம் வாசலிலிருந்து குளிக்கும் இடம்வரைதான். தண்ணீரில் இறங்கியதும் அது போய்விடும்.

தொட்டிக்கு முன் தேய்த்துக் குளிக்க வேண்டும். இதுதான் மீறவே கூடாத விதி. சுவரோரமாகச் சிறிய முக்காலிகளும் கைஷவரும் சோப்பும் இருக்கும். உட்கார்ந்தே குளியுங்கள், நின்றால் பக்கத்தில் இருப்பவர்மேல் தெறிக்கும். உச்சி முதல் பாதம்வரை தேய்த்து, நுரை துளிகூட இல்லாமல் அலசி, முக்காலியையும் கழுவி வையுங்கள். தொட்டி நீர் எல்லாருக்கும் பொது. அதில் சோப்பு படக்கூடாது, துண்டும் படக்கூடாது. துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம், கரையிலும் வைக்கலாம். நீண்ட கூந்தலை உச்சியில் முடிந்துகொள்ளுங்கள்.

நீரின் சூடு பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். கையால் ஒருமுறை மேலே அள்ளி ஊற்றிக்கொண்டு, மெதுவாக, முதலில் இடுப்புவரை இறங்குங்கள். முதல் தடவை ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். நெற்றியில் வியர்வை அரும்பும்போது வெளியே வந்து காற்றில் உட்காருங்கள். பிறகு மறுபடி. இப்படி மூன்று முறை ஏறி இறங்குவதில்தான் இதன் சுகம் முழுதாகத் தெரியும். ஒரே மூச்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தலை சுற்றும். எழுந்திருக்கும்போதும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிதானமாக எழுந்திருங்கள்.

திறந்தவெளித் தொட்டி இருந்தால் கடைசிச் சுற்றை அங்கே வையுங்கள். குளிர்காலத்தில் முகத்தில் சில்லென்ற காற்றும் கழுத்துக்குக் கீழே சூடுமாக அது தனி அனுபவம்.

வெளியேறும்போது உடை மாற்றும் அறைக்குள் சொட்டச் சொட்ட நுழையாமல், துண்டைப் பிழிந்து உடலை ஒற்றிக்கொண்டு போக வேண்டும். தலை உலர்த்தும் கருவி உள்ளேயே இருக்கும். சந்திக்கும் இடத்தில் ஓய்வுக் கூடம் இருந்தால் பாயில் கால் நீட்டிப் படுக்கலாம். குளித்துவிட்டுக் குளிர்ந்த பால் குடிப்பது ஜப்பானியர் வழக்கம். கண்ணாடி பாட்டிலில் வெறும் பாலும் காபிப் பாலும் பல இடங்களில் கிடைக்கும். காபிப் பாலை நான் சிபாரிசு செய்வேன்.

ரோப் கார் ஓடாவிட்டால்

நாள் பாழ் என்று நினைக்காதீர்கள். மலை ரயிலில் கோரா போங்கள், ஒரு நிலையம் பின்வாங்கிச் சிற்பக்கூடத்தில் இறங்குங்கள், மதியத்துக்குப் பின் யுமோட்டோவுக்கு இறங்கிக் குளியலுக்கு மூன்று மணி நேரம் கொடுங்கள். உண்மையில், நிதானமான ஜோடிக்கு முழுச் சுற்றைவிட இந்தக் குறுகிய நாளையே நான் விரும்புவேன். சில நாட்களில் ரோப் காருக்குப் பதில் மாற்று பஸ் விடுவார்கள். நேரம் கூடும் என்பதால் அப்போது கோயிலைச் சுருக்க வேண்டியிருக்கும்.

ஜனவரி 2, 3 தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள். டோக்கியோவிலிருந்து ஹக்கோனேவுக்குப் பல்கலைக்கழக மாணவர்களின் தொடர் ஓட்டம் அன்று இதே மலைச்சாலையில் நடக்கும். சாலை மறிக்கப்பட்டு, பஸ்கள் தடைபடும்.

படி 5: திரும்புதல்

ஞாயிறு மாலை ரொமான்ஸ்கார் நிரம்பிவிடும். போகும்போது பதிவு செய்த கையோடு திரும்பும் வண்டியையும் பதிவு செய்துவிடுங்கள். குளியல் நீண்டுவிடும்போல் தெரிந்தால், வண்டி கிளம்புமுன் அதை அடுத்த வண்டிக்கு மாற்றிக்கொள்ள முடியும். இடமே இல்லையென்றால் உள்ளூர் ரயிலில் கால் மணி நேரத்தில் ஒடவாரா. அங்கிருந்து ஒடாக்யுவின் விரைவு ரயில் ஷின்ஜுக்குவுக்கு அடிக்கடி உண்டு. ஒடவாராவில் புறப்படும் வண்டியாகப் பார்த்து ஏறினால் உட்கார இடமும் கிடைக்கும்.